42 நாளும் 699 நாளும்

குத்துச்சண்டை பற்றி ஒன்றுமே தெரியாத நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் முழுதாக உட்கார்ந்து பார்த்த ஒரே சண்டை 2019 ஜூன் மாதம், ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலக சாம்பியனாக இருந்த ஆந்தணி ஜோஷுவாவை ஆண்டி ரூயிஸ் சாய்த்தது. அதுவும் நான் பிடித்து உட்கார வைத்ததால். 2024 தொடக்கத்தில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது சம்பந்தமே இல்லாமல் கேட்டான்: "டேய், அந்தத் தொப்பைக்காரர் ஒருத்தர் இருந்தாரே, அவர் இப்ப என்ன பண்றாரு?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தின்னே கெட்டுப் போயிட்டாருடா" என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. பொய் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் இல்லை, ஏனென்றால் ரூயிஸே கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருக்கிறார். அதே ஜோஷுவாவோடு நடந்த மறுசண்டையில் தோற்ற அன்றே, மூன்று மாதம் பார்ட்டி பார்ட்டி என்று சுற்றியதுதான் தன்னைக் கவிழ்த்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட மனிதர் அவர். ஆனால் நண்பன் கேட்டது 'ஏன் தோற்றார்' என்று இல்லை, 'இப்போது என்ன செய்கிறார்' என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹெவிவெயிட் என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிற நான், அவர் கடைசியாக எப்போது ரிங்கில் ஏறினார் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. வயது 34. ஓய்வை அறிவிக்கவில்லை. தடை எதுவும் இல்லை. கடைசிச் சண்டையில் ஜெயித்திருக்கிறார். அப்படியிருந்தும் ஆளையே காணோம்.

அந்த மூன்றாவது ரவுண்டு

மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை, பார்க்காதவர்கள் இந்தப் பதிவைப் படிக்கவே வந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது ரவுண்டில் ஜோஷுவாவின் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற குத்து) விழுந்து ரூயிஸ் தரையில் உட்கார்ந்தார். எழுந்தார். ஜோஷுவா முடித்துவிடலாம் என்று உள்ளே வந்தார். அந்த நேரத்தில் தலை சுற்றிக்கொண்டிருக்கிற எவரும் செய்வது எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்குவது, இல்லையென்றால் கயிற்றோரமாக நகர்ந்து நேரத்தைக் கடத்துவது. ரூயிஸ் இரண்டையும் செய்யவில்லை. வந்த அடிகளுக்கு நடுவிலேயே கையை விட்டார். அவருடைய இடது ஹூக் ஜோஷுவாவின் நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்தது. அப்புறம் அந்த மனிதருக்குக் கால் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதே ரவுண்டில் இரண்டு முறை விழுந்தார், ஏழாவதில் இன்னும் இரண்டு முறை, நடுவர் மைக் கிரிஃபின் கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

இதை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'என்ன துணிச்சல்' என்றுதான் நினைத்தேன். அந்த ராத்திரி தூக்கம் வராமல் திரும்பவும் போட்டுப் பார்த்தபோது துணிச்சல் என்று சொல்வது சரியாகப் படவில்லை. அங்கே யோசிக்கவே நேரம் இல்லை. யோசிக்காமல் கை போக வேண்டும் என்றால் அது பழகின கையாக இருக்க வேண்டும், அதுவும் சமீபத்தில் பழகியிருக்க வேண்டும். நிஜமாகவே அடிக்க வருகிற ஒருவனுக்கு எதிரே, சின்ன கையுறையோடு, தலைக்கவசம் இல்லாமல். இதைப் பையை அடித்தோ, ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டை போட்டோ மட்டும் பழக முடியாது என்று குத்துச்சண்டைக்காரர்கள் சலிக்காமல் சொல்வார்கள். சண்டை போடாமல் கிடந்த ஆளுக்கு 'துரு ஏறிவிட்டது' என்பார்கள் இல்லையா, அந்தத் துரு.

அப்போதுதான் ஒரு காகிதத்தை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதினேன்.

தேதிகள்

ஜோஷுவாவோடு மோதியது 2019 ஜூன் 1. அதற்கு முந்தைய சண்டை ஏப்ரல் 20, கலிபோர்னியாவில் அலெக்சாண்டர் டிமிட்ரென்கோவோடு, ஐந்து ரவுண்டில் முடிந்தது. இடையில் 42 நாள். உடம்பு ஆறுவதற்குள் அடுத்த சண்டை. முதலில் ஜோஷுவாவோடு மோத இருந்த ஜாரெல் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டார், இடம் காலியானது, ரூயிஸ், ஜோஷுவாவின் புரமோட்டர் (சண்டையை ஏற்பாடு செய்பவர்) எடி ஹெர்னுக்கு இன்ஸ்டாகிராமில் தானே செய்தி அனுப்பி 'எனக்குக் கொடுங்கள்' என்று கேட்டார். இந்தக் கதையை எல்லோரும் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது கதவைத் தட்டிய நேரத்தில் இந்த மனிதர் பயிற்சிக் கேம்ப்பிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, வியர்வை காயாமல் நின்றிருந்தார். வேறு பலருக்கும் அந்த இடம் வேண்டியிருந்திருக்கும், ஆறு வாரத்தில் தயாராக நின்றவர் இவர்.

அதன் பிறகு வருகிற எண்கள். மறுசண்டைக்கு 189 நாள், 2019 டிசம்பர் 7, சவுதியின் திரியா. அங்கிருந்து கிறிஸ் அர்ரியோலாவோடு மோதிய 2021 மே 1 வரைக்கும் 511 நாள். சரி, நடுவில் கொரோனா வந்தது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அர்ரியோலாவிடமிருந்து லூயிஸ் ஓர்டிஸ் சண்டை நடந்த 2022 செப்டம்பர் 4 வரைக்கும் 491 நாள். இந்தச் சண்டையில் ஓர்டிஸை மூன்று முறை கீழே தள்ளி, பாயின்ட்டில் மயிரிழையில் ஜெயித்தார். அதற்கு அப்புறம்தான் நண்பன் கேட்ட அந்த மௌனம். அது முடிந்த பிறகு எண்ணிப் பார்த்தேன், 699 நாள்.

இதுவரைக்கும் என் பழைய பதிலுக்கே பலம் சேர்ந்தது. பணம் வந்தது, பழக்கம் போனது, அவ்வளவுதானே என்று காகிதத்தை மடித்து வைத்திருப்பேன். ஆனால் பட்டியலை ஜோஷுவாவுக்கு முன்னாலும் கொஞ்சம் நீட்டினேன். 2016 டிசம்பர் 10, ஆக்லாந்தில் ஜோசப் பார்க்கரோடு டபிள்யூபிஓ (உலகப் பட்டம் தருகிற அமைப்புகளில் ஒன்று) பட்டத்துக்கான சண்டை. மதிப்பெண் போடுகிற மூன்று நடுவர்களில் ஒருவர் சமம் என்று போட, மற்ற இருவரும் 115-113 என்று பார்க்கருக்குக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிருந்தால் உலக சாம்பியன் ஆகியிருக்க வேண்டியவர். அடுத்த சண்டை எப்போது தெரியுமா? 2018 மார்ச் 10. பதினைந்து மாதம். அப்போது அவரிடம் சாம்பியன் பெல்ட்டும் இல்லை, ஜோஷுவாவை ஜெயித்த பிறகு வாங்கிய ரோல்ஸ் ராய்ஸும் இல்லை. கெடுப்பதற்குப் பணமே வரவில்லை.

அங்கேதான் என் பதில் கவிழ்ந்தது. பெரிய இரவு ஒன்று வந்து போனால், அதில் ஜெயித்தாலும் சரி தோற்றாலும் சரி, இவர் அதன் பிறகு நின்றுவிடுகிறார். ரோல்ஸ் ராய்ஸ் வாங்குவதற்கு முன்பே இந்த வியாதி இருந்திருக்கிறது. 2018க்கும் 2019 ஜூனுக்கும் நடுவில் உள்ள அந்தப் பதினைந்து மாதம்தான் விதிவிலக்கு. வர்காஸ், கெவின் ஜான்சன், டிமிட்ரென்கோ, ஜோஷுவா என்று நான்கு சண்டை. இடையில் பழைய புரமோட்டரையும் விட்டு விலகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவன் மாதிரி கிடைத்ததையெல்லாம் ஆடினார். அந்தத் துண்டுக் காலத்தில் தப்பிப் பிறந்ததுதான் மூன்றாவது ரவுண்டு.

தராசு கேட்காத பிரிவு

தொப்பையைப் பற்றியும் பேசியாக வேண்டும், அதைத் தவிர்த்துவிட்டு ரூயிஸைப் பற்றி எழுதினால் நேர்மையாக இருக்காது. ஜூனில் 268 பவுண்டு, அதாவது 121 கிலோ சொச்சம். டிசம்பரில் கிட்டத்தட்ட 284 பவுண்டு. எதிரே ஜோஷுவா பத்து பவுண்டு இறக்கி 237க்கு வந்திருந்தார், பன்னிரண்டு ரவுண்டும் தள்ளி நின்று ஜாப் (முன் கையால் நேராக விடுகிற குத்து) போட்டு, வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியே ஜெயித்தார். 118-110, 118-110, 119-109. துரத்திப் பிடிக்க ரூயிஸின் கால் வரவில்லை. கேம்ப்பில் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தோற்ற பிறகு அவரே வருத்தப்பட்டார். ஜோஷுவாவை வீழ்த்த உதவிய பயிற்சியாளர் மேனி ராபிள்ஸும் அத்தோடு போனார்.

ஆனால் இதில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. மற்ற எல்லா எடைப் பிரிவிலும் தராசுதான் முதல் எதிரி. 147 பவுண்டு பிரிவில் ஆடுகிறவன் சண்டை இல்லாத நாளிலும் தராசை மறந்துவிட முடியாது, மூன்று மாதம் சாப்பாட்டை வெளுத்துக் கட்டினால் நான்காவது மாதம் உயிரைக் கொடுத்து இறக்க வேண்டும். சண்டைக்கு முந்தைய நாள் அரை பவுண்டு கூடுதல் இருந்தால் பெல்ட்டே போய்விடும். ஹெவிவெயிட்டில் அந்தக் கண்டிப்பு கிடையாது. 200 பவுண்டுக்கு மேல் இருந்தால் போதும், எவ்வளவு மேல் என்று ஒருவரும் கேட்பதில்லை. எடை பார்க்கிற நாள் ஒரு போட்டோ எடுக்கிற சடங்கு. அதனால் ஹெவிவெயிட்டுக்கு ஒழுக்கத்தைக் கொண்டு வருவது ஒன்றே ஒன்று, காலண்டரில் குறித்து வைத்த அடுத்த சண்டைத் தேதி. அந்தத் தேதி இல்லாவிட்டால் காலையில் ஓடப் போவதற்குக் காரணமே இல்லை. அர்ரியோலா சண்டைக்குத் தேதி இருந்தது, புதுப் பயிற்சியாளர் எடி ரெய்னோசோவின் கேம்ப்பில் 256 பவுண்டுக்கு இறங்கி வந்து நின்றார். தின்று கெட்டார் என்பதைவிட, தேதி இல்லாமல் கெட்டார் என்று சொன்னால் கொஞ்சம் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

ஒரே ராத்திரியில் ஏறிய விலை

அப்படியானால் தேதி ஏன் கிடைக்கவில்லை? இங்கே குற்றத்தை அவர் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜூன் 1க்கு முன்னால் அவர் மலிவான ஆள். உயரம் குறைவு, பார்க்கப் பயில்வான் மாதிரி இல்லை, ரிங்கில் ஏறுவதற்கு முன் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் சாப்பிடுகிறவர் என்று ஜோக் வேறு. கூப்பிட்டால் வருவார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஜூன் 2 காலையில் அவர் ஜோஷுவாவை வீழ்த்தியவர். தோற்ற பிறகும் அந்தப் பட்டம் போகாது, விலையும் இறங்காது. அவருடைய கை வேகம் அப்படியே இருக்கிறது, ஆகவே அவரோடு மோதுவது எவருக்கும் ஆபத்து. பெல்ட் இல்லை, ஆகவே ஜெயித்தாலும் பெரிதாகக் கைக்கு ஒன்றும் வராது. கேட்கிற தொகையோ பெரியது. இப்படிப்பட்ட ஒருவரைத் தன் பையனுக்கு எதிரே கொண்டு வந்து நிறுத்த எந்தப் புரமோட்டருக்கு ஆசை வரும்? மறுபுறம், பல மில்லியன் டாலர் பார்த்துவிட்ட கை, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள மட்டும் ஒரு சின்னச் சண்டை என்றால் இறங்கி வராது. நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஓர்டிஸ் சண்டைக்கு அப்புறம் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2022 நவம்பரில் டபிள்யூபிசி (பட்டம் தருகிற இன்னொரு அமைப்பு), ரூயிஸும் முன்னாள் சாம்பியன் டியான்டே வைல்டரும் மோத வேண்டும், ஜெயிப்பவர் பட்டத்துக்குச் சவால் விடலாம் என்று உத்தரவு போட்டது. நல்ல சண்டை, இரண்டு பேருக்கும் நல்ல பணம். ஆனால் உத்தரவு போடுவது வேறு, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவது வேறு. பேச்சு இழுத்தது, 2023 முழுக்க இன்று வரும் நாளை வரும் என்றார்கள், வரவே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். கடைசியில் வைல்டர் 14 மாத இடைவெளிக்குப் பிறகு ரியாத்தில் ஏறி, கையே எழாமல் பன்னிரண்டு ரவுண்டும் நின்று தோற்றார்.

யாரிடம் தோற்றார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஜோசப் பார்க்கரிடம். அதே பார்க்கர், 2016இல் ரூயிஸை மயிரிழையில் தாண்டியவர். ரூயிஸின் 699 நாளுக்குள் பார்க்கர் எத்தனை சண்டை ஆடினார் என்று எண்ணிப் பாருங்கள். ஜோ ஜாய்ஸிடம் பதினொன்றாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார், கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நான்கே மாதத்தில் ஜாக் மாஸியோடு வந்தார். அப்புறம் ஃபைகா ஓப்பலு, சைமன் கீன், வைல்டர், அவரை முடித்து 76 நாளில் ஜாங் ஸிலெய். ஆறு சண்டை. நடுவில் இருந்த மூன்றும் பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத சண்டைகள், பெரிய பணமும் கிடையாது. ஆனால் அதுதான் பார்க்கரை வைல்டருக்கு முன்னால் சூடாகக் கொண்டு வந்து நிறுத்தியது. ஜாங் அவரை இரண்டு முறை கீழே தள்ளியும் எழுந்து வந்து ஜெயித்தார். அந்தச் சண்டையைப் பார்க்கும்போது எனக்கு ரூயிஸின் மூன்றாவது ரவுண்டு ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

என் கணக்கை உடைக்கிறவர்

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, இதற்கு ஒத்துவராத ஓர் ஆளைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை. தென்னாப்பிரிக்காவின் கோரி சாண்டர்ஸ். இடது கைக்காரர், ரிங்கைவிடக் கோல்ஃப் மைதானத்தில் சந்தோஷமாக இருந்தவர், உண்மையிலேயே நன்றாக ஆடுவார். 2000 மே மாதம் ஹசிம் ரஹ்மானிடம் தோற்ற பிறகு விரல் விட்டு எண்ணக்கூடிய சண்டைகள்தான். எல்லாக் கணக்குப்படியும் துரு ஏறியிருக்க வேண்டிய மனிதர். 2003 மார்ச் 8, ஜெர்மனியின் ஹானோவரில் டபிள்யூபிஓ சாம்பியனாக இருந்த விளாடிமிர் கிளிட்ச்கோவை நான்கு முறை கீழே தள்ளி, இரண்டே ரவுண்டில் அனுப்பிவைத்தார். 42 நாள் தத்துவமெல்லாம் அங்கே செல்லாது.

சாண்டர்ஸும் அதற்குப் பிறகு உட்கார்ந்துவிட்டார். டபிள்யூபிஓ பெல்ட்டை ஒரு முறைகூடக் காக்காமல் விட்டுக்கொடுத்தார், 13 மாதம் கழித்து விளாடிமிரின் அண்ணன் விட்டாலியோடு லாஸ் ஏஞ்சலஸில் மோதினார். முதல் ரவுண்டுகளில் விட்டாலிக்கும் அந்த இடது கை நன்றாகவே விழுந்தது. எட்டாவது ரவுண்டில் மூச்சு இல்லாமல் நின்றார். சண்டையை நிறுத்தினார்கள். ஆக, ஆடாமல் கிடந்தவன் அதிர்ச்சி வெற்றி அடையவே முடியாது என்று இல்லை, கையில் அவ்வளவு கனம் இருந்தால் இரண்டு ரவுண்டுக்குப் போதும். எட்டு ரவுண்டுக்குப் போதாது. என் தத்துவத்தைக் காப்பாற்ற இப்படி ஒரு ஒட்டுப் போடுகிறேன் என்று தெரிகிறது, வேறு வழியில்லை. சாண்டர்ஸ் 2012இல் ஒரு உணவகத்துக்குள் நுழைந்த கொள்ளையர்களின் குண்டுக்குப் பலியானார், தன் மகளை மறைத்துக்கொண்டபோது. அதைப் படித்த பிறகு அவரைச் சோம்பேறி என்று எழுத எனக்கு வாய் வருவதில்லை.

பஸ்டர் டக்ளஸை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். டைசனை வீழ்த்தி, எட்டு மாதத்தில் 246 பவுண்டில் வந்து ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்து, ஆறு வருடம் ரிங் பக்கமே வராதவர். அந்தக் கதை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ரூயிஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் டக்ளஸ் என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்துவிடுகிற அவசரத்தில்தான் நானும் நண்பனுக்குப் பதில் சொன்னேன்.

மறுபடி மில்லர்

2024 ஆகஸ்ட் 3, லாஸ் ஏஞ்சலஸ், பிஎம்ஓ ஸ்டேடியம். கடைசியில் ஒரு தேதி கிடைத்தது. எதிராளி ஜாரெல் மில்லர். ஆம், 2019இல் ஊக்கமருந்தில் மாட்டி ரூயிஸுக்கு இடம் விட்டுக் கொடுத்த அதே மில்லர். ஐந்து வருடம் கழித்து இருவரும் ஒருவர் முன் ஒருவர் நின்றதைப் பார்த்தபோது, இரண்டு பேருமே அந்த ஒரு இரவைச் சுற்றி வந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

சண்டை நன்றாக இல்லை. மில்லர் உடம்பைச் சாய்த்துக்கொண்டு, ஓயாமல் சின்னச் சின்ன அடியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ரூயிஸின் கை ஆரம்பத்தில் அதே வேகத்தில்தான் போனது, மூன்று அடி சேர்ந்து விழும்போது 'அதோ' என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் நான்காவது அடி வரவில்லை. பழைய ரூயிஸுக்கு ஐந்தாவதும் ஆறாவதும் வரும். இங்கே மூன்று போட்டுவிட்டு நின்றார், மில்லர் மேலே விழுந்து அழுத்தினார், மறுபடி முதலிலிருந்து. வலது கை உடைந்துவிட்டது என்று பிறகு சொன்னார். இருக்கலாம், நம்புகிறேன். ஆனால் மேலே வந்து விழுகிறவனுக்கு நடுவில் யோசிக்காமல் போகிற அந்தக் கையை நான் பன்னிரண்டு ரவுண்டும் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நடுவர் மில்லருக்கு 116-112 கொடுத்தார், மற்ற இருவரும் 114-114.

சண்டை முடிந்த கையோடு நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். 'அன்னைக்கு நீ கேட்டியே, அந்தத் தொப்பைக்காரர், இன்னைக்கு ஆடினாரு' என்று. 'ஜெயிச்சாரா தோத்தாரா?' என்று கேட்டான். ட்ரா என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: 'குத்துச்சண்டையில ட்ரா எல்லாம் உண்டா?'